வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க முடியாத நிறம்

சேலை எடுக்கப் போனால் அம்மா ஒன்றைத் தவறாமல் செய்வார். கடைக்காரர் விரித்துப் போட்டதில் பிடித்ததைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே வாசலுக்கு வந்துவிடுவார். "உள்ள டியூப் லைட்டுல எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும். வெயில்ல பாத்தாத்தான் அரக்கு எது, மெரூன் எதுன்னு தெரியும்" என்பார். கடைக்காரர்களும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எல்லா ஊரிலும் நடப்பதுதானே.

பிறகு சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் கலர் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் முதல் நாளே சொன்னதும் அதையேதான். எந்த வெளிச்சத்தில் பார்க்கிறாய் என்று தெரியாமல் நிறத்தைப் பற்றிப் பேசாதே. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. டிரம் ஸ்கேனர் போனது, ஃபிலிம் போனது, கம்ப்யூட்டரிலிருந்து நேரே பிளேட்டுக்குப் போகும் காலம் வந்துவிட்டது. அந்த ஒரு பாடம் மட்டும் அப்படியே இருக்கிறது.

வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கவே முடியாத படங்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. செவ்வாயிலும் வெள்ளியிலும் இறங்கிய இயந்திரங்கள் எடுத்து அனுப்பிய படங்கள். அந்தத் தரையை எந்த மனிதக் கண்ணும் நேரில் பார்த்ததில்லை. அப்படியிருக்க, "இதுதான் அதன் நிறம்" என்று எப்படி அச்சடிக்கிறார்கள்? இருபது வருடமாக எனக்கு இதே யோசனை.

ஆரம்பித்தது 2004 ஜனவரியில். எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கன்று புது காலண்டர் ஆல்பம் போடுவதில் தொடங்கும் ஓட்டம் மார்கழி முடியும்வரை நிற்காது. தை பிறந்தால்தான் மூச்சு விடலாம். அந்த ஜனவரி 4ஆம் தேதி ஸ்பிரிட், 25ஆம் தேதி ஆப்பர்சூனிட்டி என்று நாசாவின் இரண்டு ரோவர்கள், அதாவது தரையில் ஊர்ந்து போகும் இயந்திரங்கள், செவ்வாயில் இறங்கின. பேப்பரில் வந்த படத்தைப் பார்த்துவிட்டுத் தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கே எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. ரோவர் அனுப்பிய படங்களை, ஆராய்ச்சியாளர்கள் பார்த்து முடிக்கும்வரை பூட்டி வைக்காமல், வந்த கையோடு இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எல்லாமே கறுப்பு வெள்ளை. ஒரே பாறை நாலைந்து தடவை இருந்தது, ஒவ்வொன்றிலும் வெளுப்பும் கருமையும் கொஞ்சம் வேறுவேறாக.

மற்றவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்குமோ, எனக்குப் பார்த்தவுடன் புரிந்துவிட்டது. இது கலர் பிரித்த ஃபிலிம்!

எங்கள் தொழிலில் ஒரு வண்ணப் படத்தை நாலாகப் பிரிப்போம். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு ஃபிலிம். ஒவ்வொன்றும் கறுப்பு வெள்ளைதான். நாலையும் சரியாக ஒன்றின் மேல் ஒன்று அச்சடித்தால்தான் முருகனுக்கு மேனி நிறம் வரும், மயிலுக்குக் கழுத்து மின்னும். ரோவரின் கம்பத்தில் இருந்த பான்கேம் கேமராவும் அதே வழியில்தான் வேலை செய்தது. அதன் சென்சாருக்கு 1024க்கு 1024 புள்ளி, நிறம் தெரியாது. இரண்டு கண், ஒவ்வொரு கண்ணுக்கும் முன்னால் எட்டு ஃபில்டர் இடங்கள் கொண்ட ஒரு சக்கரம். சக்கரத்தைத் திருப்பித் திருப்பி ஒரே காட்சியைப் பல முறை எடுக்கும். கோப்பின் பெயரிலேயே எல்லாம் இருக்கும். முதலில் 1 என்றால் ஆப்பர்சூனிட்டி, 2 என்றால் ஸ்பிரிட். கடைசிப் பக்கம் எல்4 என்றால் இடது கண்ணின் சிவப்பு, எல்5 பச்சை, எல்6 நீலம்.

ஃபிளாப்பியில் பத்துப் பன்னிரண்டு படங்களை ஏற்றிக்கொண்டு அச்சகத்துக்கு வந்தேன். இரவு ஷிஃப்ட், மிஷின் பக்கம் மட்டும் சத்தம். ஃபோட்டோஷாப்பில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனலிலும் மூன்று படத்தை வைத்தேன். திரையில் மண் பழுப்பாக மலர்ந்தது. இத்தனை கோடி கிலோமீட்டர் தாண்டி வந்த ஒரு பாறையின் நிழல் ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடும் நீலக் கோடும் தெரிந்தன. ரிஜிஸ்டர் விலகினால், அதாவது நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்தாவிட்டால், அச்சில் வருமே, அதே மாதிரி. பெரிதாக்கிப் பார்த்தேன். பாறையில் விலகல் இல்லை, நிழலில் மட்டும்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. முதல் ஃபில்டரில் எடுத்ததற்கும் மூன்றாவதில் எடுத்ததற்கும் இடையில் சூரியன் நகர்ந்திருக்கிறது. செவ்வாயில் வெயில் சாய்ந்துகொண்டிருந்ததை நான் அந்த வண்ணக் கோட்டில் பார்த்தேன். அன்று இரவு வீட்டுக்குப் போகவே மனம் வரவில்லை.

அடுத்த வாரம் செய்த படம் இன்னும் பெரிய பாடம். ரோவரின் மேல்தட்டில் ஒரு சின்ன சூரியக் கடிகாரம் உண்டு. உள்ளங்கை அளவுதான். நடுவில் ஒரு சிறு கம்பி, அதைச் சுற்றி வட்ட வட்டமாகச் சாம்பல் நிறத்தின் படிகள், நாலு மூலையில் நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு. "இரண்டு உலகம், ஒரே சூரியன்" என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். செவ்வாயின் பெயரைப் பல மொழிகளில் எழுதியிருப்பார்கள். பார்க்க அலங்காரம் மாதிரி இருக்கும். உண்மையில் அது எங்கள் அச்சுத் தாளின் ஓரத்தில் வரும் கலர் பட்டைதான். ஒவ்வொரு சதுரமும் எந்த நிறத்தை எவ்வளவு திருப்பி அனுப்பும் என்று பூமியிலேயே அளந்து குறித்து வைத்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். பாறையை எடுக்கும்போது அதையும் ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தச் சாம்பல் படத்தில் எப்படி வந்திருக்கிறது என்பதை வைத்து அன்றைய வெளிச்சத்தைக் கணக்குப் போடுவார்கள்.

நான் செய்த படத்தில் அந்தக் கடிகாரத்தின் நீல மூலை பளீரென்று இளஞ்சிவப்பாக வந்தது. சேனலை மாற்றி வைத்துவிட்டேன் என்று நினைத்து மூன்று தடவை பிரித்துச் சேர்த்தேன். அதே இளஞ்சிவப்பு. அப்புறம்தான் கோப்பின் பெயரைக் கவனித்தேன். சிவப்புக்கு நான் எடுத்தது எல்4 அல்ல, எல்2. அது 753 நானோமீட்டர், நம் கண் பார்க்கும் சிவப்பின் எல்லையைத் தாண்டிய அகச்சிவப்பு. அந்த நீலச் சாயம் கண்ணுக்குத்தான் நீலம். அகச்சிவப்பில் அது பிரகாசமாக மின்னும். கல்லின் வகையைப் பிரித்தறிய அந்த ஃபில்டர் ரொம்ப உதவும் என்பதால் அதை அதிகம் பயன்படுத்தினார்கள். அந்த நாலு சதுரம் இல்லாமல் இருந்திருந்தால் என் படம் தப்பு என்று எனக்குத் தெரிந்தே இருக்காது. மண் மட்டும் இருந்த படங்கள் எல்லாம் பார்க்க அழகாகத்தான் இருந்தன.

இன்னொரு சிக்கலும் இருந்தது. இணையத்தில் போட்ட அந்தப் படங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக கான்ட்ராஸ்ட் இழுத்து விடப்பட்டவை. மூன்றுக்கும் மூன்று அளவு. அதனால் நாம் சேர்க்கும் நிறம் தோராயமாகத்தான் வரும். முறையாக அளந்த கோப்புகள் பின்னால் ஆவணக் களஞ்சியத்துக்கு வந்தன. அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

வைக்கிங் கதை தெரிந்தபோது எனக்கு அந்த விஞ்ஞானிகள் மேல் ஒரு தனிப் பாசமே வந்துவிட்டது. 1976 ஜூலை 20 அன்று நாசாவின் வைக்கிங் 1 லேண்டர், இறங்கிய இடத்திலேயே நிற்கும் இயந்திரம், செவ்வாயில் இறங்கியது. இறங்கிய சில நொடிகளிலேயே எடுக்க ஆரம்பித்த முதல் படம் அதன் சொந்தக் கால் பாதம்தான். இன்றைய கேமரா போல ஒரே சொடுக்கில் எடுப்பது அல்ல. ஒரு கண்ணாடி மேலும் கீழும் தலையாட்டி, செங்குத்தாக ஒவ்வொரு கோடாகப் பார்த்து அனுப்பும். பூமியில் இருப்பவர்கள் திரையில் கோடு கோடாகப் படம் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் வந்தது முதல் வண்ணப் படம். அவசரமாகச் சமன் செய்து வெளியிட்டதில் வானம் நீலம் பூத்து வந்துவிட்டது. நம் ஊர் வானம் போல. எல்லோருக்கும் சந்தோஷம். லேண்டரில் இருந்த நிற அட்டைகளை வைத்துச் சரிபார்த்தபோதுதான் தெரிந்தது, செவ்வாயின் பகல் வானம் நீலமே அல்ல, மண் கலந்த வெளிர் ஆரஞ்சு என்று. காற்றில் எப்போதும் மிதக்கும் இரும்புத் துரு கலந்த நுண்தூசி நீலத்தை விழுங்கிவிடுகிறது. அதைச் சொன்னபோது செய்தியாளர்கள் கூட்டத்தில் விளையாட்டாக ஊளையிட்டார்களாம்.

அந்த ஊளை எனக்கு நன்றாகவே புரிகிறது. காலண்டர் போடும் பார்ட்டி வந்து புரூஃபை, அதாவது மாதிரி அச்சைப் பார்த்ததும் சொல்லும் முதல் வார்த்தை, "வானத்துக்கு இன்னும் கொஞ்சம் புளூ குடுங்க". எடுத்த அன்று வானம் மங்கலாக இருந்தது என்றால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வானம் நீலம், புல் பச்சை என்று மனதுக்குள் ஒரு நிறம் ஊறிக் கிடக்கிறது. கண் அதைத்தான் தேடும். காலண்டருக்கு அது சரி, அதில் தப்பே இல்லை. ஆனால் யாரும் போகாத ஊரிலிருந்து வந்த படத்தில் அந்த நீலத்தைக் கொடுத்துவிட்டால், அந்த ஊரையே அழித்த மாதிரி. இரண்டாவது முறை தைரியமாக "நாங்கள் கொடுத்த நிறம் தப்பு" என்று சொன்னார்களே, அதுதான் தொழில்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு ஜவுளிக் கேட்டலாக் வேலை. படம் எடுத்தவர் வெளிச்சத்தை அளக்க உதவும் சாம்பல் அட்டை வைத்து ஒரு படம் எடுத்துத் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கண்ணை நம்பிச் சமன் செய்தோம். அச்சாகி வந்தபோது பாசிப்பச்சைச் சேலைகள் எல்லாம் பழுப்பாகச் சாய்ந்திருந்தன. முழு லாட்டும் திரும்பி வந்தது. அன்றிலிருந்து சாம்பல் அட்டை இல்லாத படத்தை நான் தொடுவதில்லை.

செவ்வாயை விடக் கடினம் வெள்ளி. வேறொரு கோளின் தரையிலிருந்து வந்த முதல் படமே அங்கிருந்துதான். 1975 அக்டோபர் 22, சோவியத்தின் வெனேரா 9. கறுப்பு வெள்ளையில் உடைந்த கற்கள். ஐம்பத்து மூன்று நிமிடம் பேசிவிட்டு நின்றுபோனது. 1982 மார்ச் 1 அன்று இறங்கிய வெனேரா 13 முதன்முறையாக வண்ணத்தில் அனுப்பியது. வெளியே 457 டிகிரி வெப்பம், நம் ஊர்க் காற்றழுத்தத்தைப் போல 89 மடங்கு. ஈயம் உருகும் சூடு அது. 32 நிமிடம் தாங்கினால் போதும் என்று செய்த இயந்திரம் 127 நிமிடம் தாங்கியது. கேமராவை வெளியே வைக்கவே முடியாது; கனத்த கூண்டுக்குள் வைத்து, குவார்ட்ஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க வைத்தார்கள். லென்ஸ் மூடி கழன்று விழுவதே பெரும்பாடு. முந்தைய வெனேரா 11, 12 இரண்டிலும் மூடி கழலவே இல்லை, ஒரு படமும் வரவில்லை. வெனேரா 14இல் மூடி நன்றாகக் கழன்றது. கழன்று, மண்ணின் கடினத்தை அளக்க நீளும் கை எங்கே தொட வேண்டுமோ அதே இடத்தில் போய் விழுந்தது. அத்தனை தூரம் போன கை மண்ணைத் தொடாமல் மூடியைத் தொட்டது. அந்தப் படத்தை நினைக்கும்போதெல்லாம் அதைச் செய்த பொறியாளர்களுக்காக மனம் வலிக்கும்.

வெனேரா 13 படத்தில் எல்லாமே ஆரஞ்சு. கல், மண், லேண்டரின் பல்லுப் பல்லான விளிம்பு, எல்லாம். ஆனால் அது கல்லின் நிறம் அல்ல. அடர்ந்த காற்று நீல ஒளியை வடிகட்டிவிட்டு ஆரஞ்சை மட்டும் தரைக்கு இறக்குகிறது. 1986இல் கோள் ஆய்வாளர் கார்லே பீட்டர்ஸும் அமெரிக்க, சோவியத் ஆய்வாளர்களும் சேர்ந்து அந்த வெளிச்சத்தைக் கணக்கில் கழித்துப் பார்த்தார்கள். கல் கருஞ்சாம்பல் என்று வந்தது. நம் ஊரில் ரோட்டுக்குப் போடும் கருங்கல் ஜல்லி மாதிரி. பனிப்போர்க் காலத்தில் இரண்டு தேசத்துக்காரர்கள் ஒரு கல்லை, அம்மா சேலையைத் தூக்கிக்கொண்டு போனது போல, கணக்காலேயே வாசலுக்குத் தூக்கிவந்து வெயிலில் பார்த்திருக்கிறார்கள். எனக்கு இதைவிட அழகான வேலை ஒன்று தோன்றவில்லை.

இங்கே ஒரு கருத்து வேறுபாடும் உண்டு. இன்று செவ்வாய்ப் படங்களை இரண்டு விதமாக வெளியிடுகிறார்கள். அங்கே போய் நின்றால் தெரியும் நிறம் ஒன்று, அதே கல்லைப் பூமியின் பகல் வெளிச்சத்தில் வைத்தால் தெரியும் நிறம் இன்னொன்று. பாறை படித்தவர்களுக்கு இரண்டாவதுதான் வேண்டும், அவர்கள் கண் பழகியது நம் சூரியனில். அது நியாயம். ஆனால் அந்தப் படங்களில் வானமும் நீலம் பக்கம் சாய்ந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு "செவ்வாயில் நீல வானம்" என்று வாட்சப்பில் சுற்ற விடுகிறார்கள். வீட்டில் மாட்டி வைக்க என்றால் எனக்கு முதல் விதம்தான். தூசி வானமும் அதன் கீழ் மங்கிய மண்ணுமாக இருந்தால்தான் அது செவ்வாய்.

சாயங்காலத்தில் மட்டும் அங்கே கதை மாறும். 2015 ஏப்ரல் 15இல் கேல் பள்ளத்திலிருந்து நாசாவின் கியூரியாசிட்டி ரோவர் ஒரு சூரிய அஸ்தமனத்தை வண்ணத்தில் எடுத்தது. சூரியனைச் சுற்றி நீலம்! அதே தூசிதான் காரணம். அந்தத் துகள்களின் அளவு, நீல ஒளியை அதிகம் சிதற விடாமல் சூரியனின் திசையிலேயே முன்னோக்கித் தள்ளுகிறது. நமக்குப் பகல் நீலம், அந்தி சிவப்பு. அங்கே பகல் சிவப்பு, அந்தி நீலம். இந்தப் படத்தை நான் மகளிடம் காட்டி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "யாரோ கலரைத் தலைகீழா மாத்திருக்காங்கப்பா" என்றாள்.

கியூரியாசிட்டியின் கை கேமராவுக்கான அட்டையில் 1909இல் அடித்த லிங்கன் ஒரு சென்ட் நாணயம் ஒன்றை ஒட்டி அனுப்பினார்கள். களத்தில் கல்லை எடுப்பவர்கள் அளவு தெரிய ஒரு காசை வைத்து எடுப்பார்களே, அந்தப் பழக்கம். அந்தக் காசின் மேல் தூசி சேர்வதை வருடக் கணக்கில் படங்களில் பார்த்திருக்கிறேன். தூசிதான் இந்த வேலையின் பெரிய பகை. சாம்பல் அட்டையே சிவந்துபோனால் எதை வைத்து அளப்பது? 2021 பிப்ரவரி 18இல் இறங்கிய பெர்செவரன்ஸ் ரோவரின் அட்டையை கோபன்ஹேகனில் நீல்ஸ் போர் நிறுவனத்தார் செய்தார்கள். நிறப் பொட்டுகளுக்கு அடியில் வளையக் காந்தங்களைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். செவ்வாய்த் தூசி காந்தத்துக்கு இழுபடும். விழும் தூசி எல்லாம் வளையத்தில் போய் ஒட்டிக்கொள்ள, நடுவில் ஒரு சின்ன இடம் ஓரளவு சுத்தமாக இருக்கும். படத்தில் பெரிதாக்கினால் அந்த வளையங்கள் அப்படியே தெரியும். பிளேட்டில் தூசி ஒட்டாமல் இருக்க நாங்கள் படும் பாடு எனக்குத்தான் தெரியும். அதைப் பார்த்து எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது.

இத்தனையும் சொல்லிவிட்டு ஆப்பர்சூனிட்டியின் கடைசிப் படத்தைச் சொல்லாமல் விட முடியாது.

90 நாளுக்கு என்று போன ரோவர். பதினாலு வருடத்துக்கு மேல் ஓடி, 45 கிலோமீட்டர் கடந்திருந்தது. 2018 மே 13இல் தொடங்கி ஜூன் 10 வரை, தான் நின்ற இடத்தைச் சுற்றிலும் 354 படங்களாக எடுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காட்சிக்கும் அகச்சிவப்பு, பச்சை, ஊதா என்று மூன்று ஃபில்டர். அதற்குள் கோள் முழுவதையும் மூடும் தூசிப் புயல் வந்துவிட்டது. பகல் இருட்டானது, சூரியத் தகடுகளுக்கு வெளிச்சம் இல்லை. ஜூன் 10க்குப் பிறகு அது பேசவில்லை. மாதக் கணக்கில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, 2019 பிப்ரவரி 13 அன்று பயணம் முடிந்தது என்று அறிவித்தார்கள்.

பின்னால் அந்த 354ஐயும் தைத்து ஒரே நீளப் படமாக வெளியிட்டார்கள். சரிவும் சக்கரத் தடமும் தூரத்துப் பள்ளத்தின் விளிம்பும் வண்ணத்தில் இருக்கும். இடது பக்கம் கீழ் மூலையில் சில சதுரங்கள் மட்டும் கறுப்பு வெள்ளை. அங்கே ஒரு ஃபில்டரில் எடுத்திருந்தது. பச்சைக்கும் ஊதாவுக்கும் சக்கரத்தைத் திருப்ப நேரம் கிடைக்கவில்லை.

அந்த மூலையை நிரப்புவது எனக்குப் பத்து நிமிட வேலை. பக்கத்துச் சதுரத்தின் நிறத்தை எடுத்துப் பூசினால் லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. நாசாக்காரர்களும் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. மூன்று வருடம் முன்பு ஒரு பெரிய ஷீட்டின் ஓரத்தில் மிச்சம் கிடந்த இடத்தில், முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, அந்தப் படத்தைப் போட்டேன். முதல் தாள் இறங்கியதும் மிஷினை நிறுத்திவிட்டு மிஷின்மேன் தம்பி தாளோடு ஓடி வந்தான்.

"அண்ணே, இந்த மூலையில கலர் விழல. பிளேட் போச்சா?"

"பிளேட் நல்லாத்தான் இருக்கு. அது அப்படித்தான். ஓட்டு."

அவன் தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை பார்த்தான்.